ஆபீஸ் நம்பர் விழுந்த கடிதம்

சம்சாத் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் கண்காணிப்பாளராக நின்றுகொண்டிருந்தேன். கைபேசி துறை அறையின் இழுப்பறையில் கிடந்தது. விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு வந்து எடுத்துப் பார்த்தால் செல்வியிடமிருந்து ஏழு அழைப்புகள். திருப்பி அழைத்தேன். "உஷா, நம்ம சம்சாத்து..." என்றாள். மூன்று ஆண்டுகளாகச் சிறுநீரகக் கோளாறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் சம்சாத். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

தெற்கு வாசல் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. அவள் தம்பி வாசலில் நின்றிருந்தார். "அக்கா காலையில மௌத்தாயிட்டாங்க. தொழுதுட்டுப் படுத்தவங்கதான், எந்திரிக்கவே இல்ல. சிரமப்படல" என்றார். உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். சுவரோரமாக நாலைந்து இளம்பெண்கள் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குள்ளும் ஒருவரையொருவர் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டேன். "பரவையில இருந்து வாரேன். அக்கா எனக்கு ஒரு லெட்டர் டைப் அடிச்சுக் குடுத்தாங்க" என்றாள். நானும் செல்வியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது எப்படிப்பட்ட லெட்டர் என்று எங்களுக்குத் தெரியும்.

நம் எம்.எஸ்ஸி. வகுப்பு நண்பர்களே, சம்சாத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். உங்களில் பலருக்கு அவள் என்றால் ஞாபகம் வருவது அவளுடைய சிரிப்பும், மதியத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவைச் சுற்றி நடந்த அடிதடியும்தான். இரண்டாம் ஆண்டில் நடந்த ஒரு காரியத்தை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை முழுதாகச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். செல்வி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. உங்களுக்குப் பெயர் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. "எழுது, பேரை மட்டும் மாத்திரு" என்று அவள் சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கல்லூரி. வேதியியல் வகுப்பில் இருபத்திரண்டு பேர், அதில் பெண்கள் ஒன்பது பேர். முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னோம். அப்பா சேலைக் கடை வைத்திருப்பதாக நான் சொன்னேன். சம்சாத் எழுந்து, "எங்கத்தா மத்தவங்க கஷ்டத்தை டைப் அடிக்கிறவரு" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் அப்பா காதர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு மரத்தடியில் மேசை போட்டு, தமிழ் டைப்ரைட்டரில் மனு அடித்துக் கொடுப்பவர். வெள்ளிக்கிழமை அவர் தொழப் போகும் நேரத்தில், லீவு நாளாக இருந்தால், இவள் அந்த நாற்காலியில் உட்காருவாள். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, ரேஷன் அட்டை என்று பத்து வயதிலிருந்தே மனுக்களை வாசித்து வளர்ந்தவள். எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் எங்கே போய்த் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் துறையில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பாடம் நன்றாக நடத்துவார். அதையும் சொல்லத்தான் வேண்டும். செய்முறைத் தேர்வின் அக மதிப்பெண் முழுக்க அவர் கையில் இருந்தது. ரெக்கார்ட் நோட்டில் அவர் கையெழுத்து இல்லாமல் தேர்வுக்கு உட்கார முடியாது. பையன்களுக்கு லேபிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். பெண்களை மட்டும் நாலு மணிக்கு மேல் அவர் அறைக்கு ஒவ்வொருவராக வரச் சொல்வார். தோளில் வந்து விழும் கை, உடுப்பைப் பற்றி ஒரு பேச்சு, நோட்டை வாங்கும்போது விரலைப் பிடித்துக்கொள்வது. இரண்டு பேராகப் போனால் ஒருத்தியை வெளியே நிற்கச் சொல்லிவிடுவார். எங்கள் ஒன்பது பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை. முந்தின வகுப்பு அக்காமார்கள் எங்களுக்கு விட்டுப்போன அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "கதவுப் பக்கத்துலயே நின்னுக்கங்க."

ஒரு நாள் சாயங்காலம் நான் லேபின் தராசு அறையில் ரசாயனப் பொடியை எடை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரில் அவருடைய அறை. கதவு படாரென்று திறந்தது. செல்வி வெளியே வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் ரெக்கார்ட் நோட்டும் இல்லை. என்னைப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன், ஆனால் நிற்காமல் படியிறங்கி ஓடிவிட்டாள். பிறகு அவர் வாசலுக்கு வந்து வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார். என்னைப் பார்த்ததும், "என்ன உஷா, வெயிட் எடுத்துட்டியா?" என்றார். "எடுத்துட்டேன் சார்" என்றேன். அவ்வளவுதான். நான் தராசைத் துடைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செல்வி திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அந்த ஊரில் பட்டப் படிப்பு முடித்த முதல் பெண். இரண்டு வாரம் லேப் பக்கமே வரவில்லை. அக மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். அதில் எல்லோரையும்விடக் குறைந்த மதிப்பெண் அவளுடையது. மறுநாள் காலை கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றிருக்கிறாள். நகரத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய சம்சாத் அதைப் பார்த்துவிட்டாள்.

அங்கே நடந்ததைச் செல்வி எனக்குப் பின்னாளில் சொன்னாள். சம்சாத் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லையாம். டீக்கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் இருந்தாளாம். அதற்குப் பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"உனக்கு என்ன வேணும் செல்வி?"

"என்ன வேணும்னா?"

"அந்தாளை ஊரே காறித் துப்பணுமா, வேலைய விட்டுத் தூக்கணுமா, இல்ல நீ படிச்சு முடிச்சாப் போதுமா? எதுன்னாலும் சொல்லு. உனக்கு வேண்டியதைத்தான் செய்யணும், எனக்குத் தோணுறதை இல்ல."

"நான் படிச்சு முடிக்கணும். அந்த ரூமுக்குப் போகக் கூடாது. அடுத்து வர்ற புள்ளைகளும் போகக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றாளாம் செல்வி.

"அப்ப அம்புட்டையும் எழுதிருவோம். பெட்டிய எடு."

பெட்டி விடுதிக்குத் திரும்பியது. இரண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் பஸ் ஏறினார்கள். மரத்தடியில் காதர் மாமா செல்வியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்து, "நீ உக்காரு சம்சாத்து, நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போனவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. செல்வி முதலில் கையால் மூன்று பக்கம் எழுதினாள். சம்சாத் அதை வாசித்தாள். "இதுல நடந்தது எட்டு வரிதான் இருக்கு. மத்ததெல்லாம் நீ பட்ட வேதனை. வேதனைய நாம வச்சுக்குவோம். எட்டு வரிய அவங்களுக்குக் குடுப்போம்" என்றாள். எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை, கதவு திறந்திருந்ததா சாத்தியிருந்ததா, அவர் என்ன சொன்னார், என்ன செய்தார், வெளியே யாராவது இருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தாள். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே அடித்தாள். 'கயவர்' என்று செல்வி ஓரிடத்தில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டாள். "அதை வாசிக்கிறவரு சொல்லட்டும்" என்பது அவள் வாதம். கடைசிப் பத்தியில் செல்வி கேட்ட மூன்று காரியங்களும் வந்தன. தன் செய்முறை வேலையை வேறு ஆசிரியர் மேற்பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை மறுபடி பார்க்க வேண்டும். மாணவிகளைத் தனியாக அறைக்கு அழைக்கும் பழக்கம் நிற்க வேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதிகள்.

வெளியே யாராவது இருந்தார்களா என்ற கேள்விக்குச் செல்வி என் பெயரைச் சொல்லியிருந்தாள். மறுநாள் இடைவேளையில் சம்சாத் என்னைத் தேடி வந்தாள். என்னுடைய புராஜெக்ட்டுக்கு அவர்தான் வழிகாட்டி என்பது அவளுக்குத் தெரியும். நான் எல்லாச் சாக்குகளையும் சொன்னேன். புராஜெக்ட் போய்விடும் என்றேன். அப்பாவுக்கு அவர் பழக்கம், தீபாவளிக்குத் தீபாவளி குடும்பத்தோடு எங்கள் கடைக்குத்தான் வருவார் என்றேன். நான் பார்த்தது வெறும் ஒரு பெண் ஓடியதைத்தான், உள்ளே நடந்ததை இல்லையே என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சரி உஷா. யார்கிட்டயும் குடுக்க வேணாம். பாத்ததை மட்டும் ஒரு தாள்ல எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு உன்கிட்டயே வச்சுக்க. ஒரு மாசம் போச்சுன்னா எந்தக் கால்ல செருப்பு இல்லைன்னு உனக்கே மறந்துரும்."

அன்றைக்கு வீட்டில் மாடியறையில் உட்கார்ந்து எழுதினேன். மொத்தமே ஆறு வரி. 'வலது காலில் செருப்பு இல்லை' என்று எழுதினேன். 'என்ன உஷா, வெயிட் எடுத்துட்டியா என்று கேட்டார்' என்று எழுதினேன். 'எடுத்துட்டேன் சார் என்றேன்' என்றும் எழுதினேன். அந்த வரியை எழுதிய பிறகு அந்தத் தாளை என்னால் பீரோவில் வைக்க முடியவில்லை. இரண்டு நாள் புத்தகத்துக்குள் வைத்துச் சுமந்தேன். மூன்றாம் நாள் சம்சாத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வாசித்துவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

மூன்று பேரும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். தபால் வாங்கும் குமாஸ்தா மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "வச்சிட்டுப் போங்கம்மா, நான் ஐயாகிட்டச் சேத்துர்றேன்" என்றார். சம்சாத் அசையவில்லை.

"எங்க பிரதியில வாங்குனதுக்கு சீல் போட்டு நம்பர் எழுதிக் குடுங்கண்ணே."

"ஸ்டூடன்ட் லெட்டருக்கெல்லாம் சீல் போடுற வழக்கம் இல்லம்மா."

"பரவாயில்லண்ணே. போடுற வரைக்கும் நிக்கிறோம். எனக்கு நின்னு பழக்கம்."

நாங்கள் நின்றோம். பின்னால் ஹால் டிக்கெட் வாங்க வந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ "சீக்கிரம் முடிங்கப்பா" என்று குரல் கொடுத்தார்கள். அவர் எழுந்து உள்ளே போனார், வந்தார், கோப்புகளைப் புரட்டினார். சம்சாத் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இரண்டு பெண்கள் என்று தெரியவந்தது. "பெரியவ அடுத்த வருசம் காலேஜு" என்றவர் அதோடு பேச்சை நிறுத்தினார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக் குத்தினார். பதிவேட்டில் எழுதி, அந்த எண்ணை எங்கள் பிரதியிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல்வர் மூன்று நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அமைதியாகப் போய்ச் சேர விரும்பியவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, மெதுவாகத்தான் பேசினார். அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதாகவும், மன்னிப்புக் கேட்கச் சொல்வதாகவும் சொன்னார். "கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைகள். நாளைக்கு உங்கள் பேர்தான் கெடும். இந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். செல்வி தலை குனிந்துவிட்டாள். எனக்கும் வாங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றியதை மறைக்கப்போவதில்லை.

"சார், அது இப்ப எங்க கடுதாசி இல்ல சார்" என்றாள் சம்சாத். குரலில் மரியாதை குறையவே இல்லை. "அதுல ஆபீஸ் நம்பர் விழுந்துருச்சு. நாங்க எப்படித் திருப்பி எடுக்குறது?"

முதல்வர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து முதலிலிருந்து வாசித்தார். அன்றுதான் அவர் அதை முழுதாக வாசித்தார் என்பது என் நம்பிக்கை. வேலை செய்யும் இடங்களில் பெண்கள் புகார் சொல்ல ஒரு குழு இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று பெயருக்குக்கூட இல்லை. வாசித்து முடித்த முதல்வர், இரண்டு பேராசிரியைகளும் வெளியிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞரும் கொண்ட குழுவை அமைப்பதாகச் சொன்னார். விசாரணை முடியும்வரை செல்வியின் லேப் வேலையையும் என்னுடையதையும் இன்னோர் ஆசிரியை பார்ப்பார் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் சம்சாத் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஒரு மாதம் லேசாகப் போகவில்லை. கரும்பலகையில் யாரோ எங்கள் மூன்று பேரின் முதலெழுத்துகளைப் போட்டு ஒரு கேலி எழுதினார்கள். உங்களில் ஒருவர் போய் அதை அழித்தீர்கள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும், இப்போதாவது நன்றி சொல்லிக்கொள்கிறேன். அந்த ஆசிரியர் எங்கள் கடைக்கே வந்து அப்பாவிடம் பேசியிருக்கிறார். உங்கள் மகள் சேர்க்கை சரியில்லை, யார் பேச்சையோ கேட்டுக் கெட்டுப்போகிறாள் என்று. வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். கடுமையாகப் பேச வேண்டியிருந்தால் மட்டும் அப்பா தமிழுக்கு மாறுவார். அன்று வீட்டு மொழியிலேயே, தணிந்த குரலில், நடந்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் எழுதிக் கொடுத்த ஆறு வரியையும் ஒப்பித்தேன். அவர் எழுந்து போய்விட்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்பது, அடுத்த வாரம் அந்த ஆசிரியர் மறுபடி கடைக்கு வந்தபோது, நான் கடையின் உள்ளறையில் இருந்ததால் என் காதிலேயே விழுந்தது. அப்பா தமிழில் பேசினார்.

"பிள்ளைங்க எழுதுனது பொய்யின்னா அதைக் காலேஜுல போய்ச் சொல்லுங்க சார். இங்க நாங்க சேலை மட்டுந்தான் விக்கிறோம்."

மறுநாள் பஸ்ஸில் சம்சாத்திடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவளிடம் குறையே இல்லை என்று எழுதினால் அவளுக்கே பொறுக்காது. அவளுக்கு முன்கோபம் உண்டு. விசாரணை நாளில் செல்விக்குத் துணையாக அவளை உள்ளே உட்கார அனுமதித்திருந்தார்கள். குழுவில் ஒரு பேராசிரியை, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று செல்வியிடம் கேட்டிருக்கிறார். செல்வி வாயைத் திறப்பதற்குள் சம்சாத் எழுந்துவிட்டாள். "சொல்றதுக்கு இங்க எந்த இடம் மேடம் வச்சிருந்தீங்க?" என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. வழக்கறிஞர் அம்மா அவளை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டார். வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளின் முகம் கறுத்துப்போயிருந்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று புலம்பினாள். ஆனால் உள்ளே செல்வி தனியாக நாற்பது நிமிடம் பேசினாள். எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். வெளியே வந்து, "தண்ணி இருக்கா?" என்று கேட்டு ஒரு செம்பு நீரைக் குடித்துவிட்டு, "நல்லாப் பேசுனேன்டி" என்றாள். சம்சாத் அதைப் பிற்பாடு அடிக்கடி சொல்லுவாள்: "என்னைய வெளிய அனுப்புனதுதான் அந்தக் கேஸ்ல நடந்த நல்ல காரியம். நான் இருந்தா அவ பேசியிருக்க மாட்டா."

விசாரணை நடக்கும் செய்தி பரவியதும் முந்தின வகுப்பு அக்காமார்கள் இரண்டு பேர், ஒருவர் விருதுநகரிலிருந்தும் ஒருவர் கோவையிலிருந்தும், முதல்வருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பருவம் முடிவதற்குள் அந்த ஆசிரியரை இடைநீக்கம் செய்தார்கள். பிறகு அவர் திரும்பி வரவேயில்லை. செல்வியின் நோட்டுகளை இன்னோர் ஆசிரியை முதலிலிருந்து பார்த்து மதிப்பெண் போட்டார். அவள் வகுப்பில் நான்காவதாகத் தேறினாள். என் புராஜெக்ட்டும் எப்படியோ முடிந்தது. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

புகார்க் குழு பற்றி ஓர் அறிவிப்பு தட்டச்சாகி வந்தது. யாரிடம் புகார் கொடுக்கலாம், எந்த அறை, எந்த நேரம் என்று அதில் எல்லாம் இருந்தது. அலுவலகத்துக்கு எதிரே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இரண்டு நாளில் அது காணாமல் போயிற்று. யார் கிழித்தார்கள் என்று நாங்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது சம்சாத் எங்களைப் பெண்கள் ஓய்வறைக்குக் கூட்டிப்போனாள். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் அது அழகாக ஒட்டப்பட்டிருந்தது. "அங்க நின்னு படிச்சா யாரு படிக்கிறான்னு காலேஜே பாக்கும். இங்கன்னா தலை சீவிக்கிட்டே படிக்கலாம்" என்றாள். முதல்வரிடம் போய்த் தானே எடுத்ததாகச் சொல்லி, காரணத்தையும் சொன்னாள். அவர் இன்னொரு பிரதி அடித்து விடுதியிலும் ஒட்டச் சொன்னார்.

படிப்பு முடிந்து அவள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். திருமணம், இரண்டு மகள்கள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் யாராவது ஒரு பெண் அவள் வீட்டுப் படியேறி வருவது நிற்கவில்லை. யாரோ சொல்லி, யாருக்கோ தெரிந்து வருவார்கள். எல்லாமும் வெற்றியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு புகார் மூன்று வருடம் இழுத்து ஒன்றுமில்லாமல் போனது; அந்தப் பெண் வேறு ஊருக்குப் போய்ப் படித்தாள். சம்சாத் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு பெண் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள். நான் அன்று அங்கே இருந்தேன். அவளை இன்னும் கொஞ்சம் தைரியப்படுத்தலாமே என்று எனக்குப் பட்டது. சம்சாத் தாளை மடித்து உறையில் போட்டு அவள் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்கம்மா. குடுக்கணும்னு தோணுனா குடு. தோணலைன்னாலும் உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றாள். அந்தப் பெண் போனதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவ வாழ்க்கைய அவ வாழணும் உஷா. நம்ம திருப்திக்கு அவளைத் தள்ளக் கூடாது" என்றாள்.

கடைசியாக நாங்கள் மூவரும் சேர்ந்து இருந்தது மருத்துவமனையில். ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து சோர்ந்து படுத்திருந்தாள். செல்வி, தான் வேலை பார்க்கும் கல்லூரியில் புகார்க் குழுவுக்குத் தன்னைத் தலைவியாகப் போட்டிருப்பதைச் சொன்னாள். சம்சாத் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"புள்ளைங்க வந்து சொல்ற ரூம் எங்க இருக்கு?"

"முதல்வர் ரூமுக்கு எதுத்தாப்புல."

"மொதல்ல அதை மாத்து."

செல்வி மாற்றிவிட்டாள். இப்போது அது நூலகத்தின் பின்பக்கம், புத்தகம் எடுக்கப் போகிறவள்போல யாரும் போய் வரக்கூடிய இடத்தில் இருக்கிறது. சம்சாத் உயிரோடு இருந்தபோதே மாற்றிவிட்டதாகவும், அதைக் கேட்டு அவள் போனில் பத்து நிமிடம் சந்தோஷமாக வம்பளந்ததாகவும் செல்வி சொன்னாள். எனக்கு நிறைவாக இருந்தது. நோயில் கிடந்தவளை நினைத்து வருந்துவதைவிட, அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துக்கொள்வது எளிதாக இருக்கிறது.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பழக்கம். சொல்ல வந்தவர்களுக்கு எதிரே அவள் உட்காரமாட்டாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய், இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கும்படி உட்காருவாள். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் வாய் திறக்கும் என்பாள். அப்புறம் ஒன்றும் கேட்காமல் காத்திருப்பாள். காத்திருப்பதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

அவளை அடக்கம் செய்து நாலு நாள் கழித்து, நான் பாடம் நடத்தும் கல்லூரியில் என் அறை வாசலில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். பாடத்தில் சந்தேகம் என்றாள். கையில் புத்தகம் இல்லை. கதவைத் திறந்தபடியே விட்டேன். என் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் பையன்கள் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து, "எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல மேடம்" என்றாள்.

"அவசரமில்லம்மா" என்றேன். "எனக்கு இன்னைக்கு வேற கிளாஸ் இல்ல."